ராஜாதித்தபுரம் எங்கே இருக்கு தெரியுமா? சோழ இளவரசன் முகாமிட்ட திருநாவலூரின் கதை

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிப் போகும் பலருக்கும் பக்கத்தில் இருக்கும் திருநாவலூர் தெரியாது. கெடிலம் ஆற்றங்கரையில் உள்ள இந்தச் சின்ன ஊருக்கு, கல்வெட்டுகளில் 'ராஜாதித்தபுரம்' என்று இன்னொரு பெயர் உண்டு. ஏன் அந்தப் பெயர்?

சுந்தரர் பிறந்த ஊர்

திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்த ஊர் இது. சடையனார், இசைஞானியார் தம்பதிக்கு மகனாக சுந்தரர் இங்குதான் பிறந்தார். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைப் பார்த்து ஆசைப்பட்ட நரசிங்க முனையரையர், கேட்டு வாங்கி வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். இந்த நாலு பேருமே 63 நாயன்மார்களில் இடம்பெற்றவர்கள்.

கோயிலைக் கல்லாக்கிய இளவரசன்

10ஆம் நூற்றாண்டில் வடக்கே இருந்து ராஷ்டிரகூடர்கள் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லையைக் காக்க, முதலாம் பராந்தக சோழன் தன் மகன் ராஜாதித்தனைப் படையோடு இந்தப் பகுதியில் நிறுத்தினான். ஆண்டுக்கணக்கில் நீடித்த காவல் அது. அந்தக் காலத்தில்தான் பக்தஜனேசுவரர் கோயில் கற்கோயிலானது. அவனுடைய சேரநாட்டுத் தளபதி வெள்ளங்குமரன், பக்கத்தில் உள்ள கிராமம் என்ற ஊரில் 943இல் ஒரு கற்கோயில் எழுப்பினான்.

தக்கோலத்தில் நடந்தது என்ன?

949இல், அரக்கோணம் அருகே தக்கோலத்தில் பெரிய போர். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன், யானை மேலிருந்த ராஜாதித்தனைக் கொன்றான். 'ஆனைமேற்றுஞ்சினார்', அதாவது யானை மேல் உயிர்விட்டவர் என்று சோழர் வரலாறு அவனை நினைவில் வைத்தது. பட்டத்துக்கு வரவேண்டியவன் போனதால், அடுத்து அவன் தம்பி கண்டராதித்தன் அரியணை ஏறினான். தொண்டை மண்டலம் ராஷ்டிரகூடர் கைக்குப் போனது. திருநாவலூர் கோயிலிலேயே கிருஷ்ணன் காலக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. தோற்றவன் கட்டிய சுவரில் ஜெயித்தவன் எழுத்து!

நாம என்ன செய்யணும்?

இந்தக் கதைக்கெல்லாம் சாட்சி கல்வெட்டுகள்தான். 'ராஜாதித்தபுரம்' என்ற பெயர் இன்று யார் பேச்சிலும் இல்லை, கல்லில் மட்டும்தான் இருக்கு. எழுத்துள்ள கல் மேல் கற்பூரம் ஏற்றினாலோ, எண்ணெய், விபூதியைத் தடவினாலோ, சுண்ணாம்பு அடித்தாலோ, அந்த எழுத்து கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சுடும். கோயிலுக்குப் போனால் சுவரையும் ஒரு தடவை நின்னு பாருங்க. கை வைக்காம பாருங்க.