உங்களுக்குத் தெரியுமா? – நத்தார் பாலனின் அம்மம்மா வீடு

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் பிள்ளைகள் முதலில் கேட்பது அம்மம்மா வீட்டுக்கு எப்போது போகலாம் என்றுதான். நத்தார் பாலனுக்கும் ஓர் அம்மம்மா உண்டு: மரியாளைப் பெற்ற அன்னம்மாள். இலங்கையில் அவருடைய பெரிய வீடு புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டித் தீபகற்பத்தின் கடற்கரையோரம் நிற்கும் தலவில கோயில். அங்கே பெருநாள் வருடத்துக்கு இரண்டு. ஒன்று மார்ச்சில், மற்றப் பெரியது ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். டிசம்பரில் கூடாரங்களும் இல்லை, இடம் பிடிக்கிற அவசரமும் இல்லை. அம்மம்மாவிடம் ஆறுதலாகக் கதை கேட்க இதைவிட நல்ல மாதம் கிடையாது. கேட்போமா?

வேதாகமத்தில் இல்லாத பெயர்

நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள், அன்னம்மாளின் பெயர் ஓரிடத்திலும் வராது. அவருடைய கதையும் கணவர் சுவக்கீனின் பெயரும் இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, யாக்கோபின் பெயரால் வழங்கும் வேறொரு நூலிலிருந்து வந்தவை. பிள்ளையில்லாமல் வருந்திய முதிய தம்பதிக்குக் காலம் கடந்து பிறந்த மகள் மரியாள் என்கிறது அந்தக் கதை. பிள்ளை வரம் கேட்டு அன்னம்மாளிடம் நேர்த்தி வைப்பதன் வேரும் அதுதான். எபிரேயத்தில் ‘ஹன்னா’ என்றால் அருள். தமிழில் நாங்கள் ‘அன்னம்மா’ என்னும்போது அன்னையும் சேர்ந்து ஒலிப்பது தற்செயல். நல்ல தற்செயல்!

டிசம்பர் 8: ஒரு கணக்குப் பிழை

அமலோற்பவ மாதா திருநாள் இயேசு கருவானதைக் கொண்டாடுவது என்று நினைத்திருக்கிறீர்களா? அப்படி நினைப்பவர்கள் அநேகம் பேர். டிசம்பர் 8இல் கருவாகி டிசம்பர் 25இல் பிறக்க முடியுமா? அந்தத் திருநாள், அன்னம்மாளின் வயிற்றில் மரியாள் கருவானதற்கு உரியது. அதிலிருந்து சரியாக ஒன்பது மாதம் எண்ணினால் செப்டெம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். இயேசு கருவான நாள் மார்ச் 25. அதற்கும் ஒன்பது மாதம் கூட்டினால் நத்தார். கீழைத் திருச்சபைகள் அன்னம்மாள் கருவுற்றதை டிசம்பர் 9இல் கொண்டாடுகின்றன. அங்கே ஒரு நாள் குறைகிறது. ஆக, டிசம்பரின் முதற் பெரிய திருநாளே அம்மம்மாவுடையது.

‘நத்தார்’ எந்த ஊர்ச் சொல்?

தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ், இங்கே நத்தார். போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ எங்கள் நாவில் நத்தாராகவும் சிங்களத்தில் நத்தலாகவும் தங்கிவிட்டது. பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதன் தாய். இதே சொல் இந்து சமுத்திரத்தின் மறு கரையிலும் ஒட்டிக்கொண்டது. 1497 டிசம்பரில் நத்தாரை ஒட்டி வாஸ்கோ ட காமா தென்னாபிரிக்காவின் கிழக்குக் கரையோரமாகப் போனபோது அந்தக் கரைக்கு ‘நத்தால்’ என்று பெயர் விழுந்தது. 1860 நவம்பர் 16ஆம் திகதி, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த ‘ட்ரூரோ’ கப்பல் அந்த நத்தாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஏறி வந்தவர்களில் தமிழரும் இருந்தார்கள். நாங்கள் வருடத்தில் ஒருநாள் நத்தார் கொண்டாடுகிறோம், அவர்களின் பேரப்பிள்ளைகள் நத்தாலிலேயே குடியிருக்கிறார்கள்.

நத்தாருக்கு வீடு துடைக்கும்போது

மேசை, கதிரை, அலமாரி, ஜன்னல், சாவி, குசினி, துவாய், சப்பாத்து – எல்லாம் போர்த்துக்கேயம். போத்தலும் கந்தோரும் ஒல்லாந்தம். கக்கூசும் ஒல்லாந்தம்தான். அதைப் பற்றி நத்தாரன்று பேச வேண்டாம்.

1689: நடக்காமல் போன சாமப் பூசை

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்கு இலங்கையில் இடமில்லை. கோவாவிலிருந்து யோசப் வாஸ் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்ததே ஏழைக் கூலியாளின் கோலத்தில். தமிழ் படித்து, இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், முந்நூறு பேர் அளவில் மூன்று வீடுகளில் சாமப் பூசைக்குக் காத்திருந்தபோது ஒல்லாந்துச் சிப்பாய்கள் புகுந்தார்கள். கூடியிருந்தவர்கள் பிடிபட்டார்கள், குருவானவர் மட்டும் அகப்படவில்லை.

அடுத்த ஆண்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். ஏன் புத்தளம்? கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டிய கோட்டை நின்றது. ஆனால் களப்புக்கு இந்தப் பக்கம் புத்தளம் கண்டி அரசனுடைய நிலம். ஒரு களப்பைத் தாண்டினால் வேறு சட்டம்! போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் யோசப் வாஸைப் புனிதராக அறிவித்தார். அவருடைய திருநாள் ஜனவரி 16, நத்தார் முடிந்து மூன்றே வாரத்தில்.

ஆலமரமும் கப்பற்காரரும்

தலவில எப்படித் தொடங்கியது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. கொழும்புக்கு நடந்துபோன ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் ஆலமரத்தடியில் கண்ணயர்ந்தபோது அன்னம்மாளின் சொரூபத்தைக் கண்டார் என்பது ஒன்று. கப்பல் உடைந்து கரை சேர்ந்த வணிகர் ஒருவர், அன்னம்மாளின் உருவத்தை மரத்தில் வைத்து, தொழில் சரிவந்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்தார் என்பது மற்றது. எது சரி என்று எங்களைக் கேட்காதீர்கள். இரண்டிலும் ஆலமரம் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடலோடிகளுக்கு அன்னம்மாள் பாதுகாவலர். நத்தார் பாப்பாவுக்கு மூலமான புனித நிக்கொலாசும் கடலோடிகளின் பாதுகாவலர்தான். அவர் மீராவின் ஆயர், அந்த ஊர் இன்றைய துருக்கியின் தென்கரையில் இருக்கிறது. அவருக்கும் பனிமான் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு படகில் ஏற்றிவிட்டிருந்தால் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

1843இன் மூன்று பிள்ளைகள்

இப்போது தலவிலவில் நிற்கும் கோயிலுக்கு 1837இல் அத்திவாரம் போட்டு 1843இல் முடித்தார்கள். அதே 1843 டிசம்பர் 19ஆம் திகதி லண்டனில் சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்மஸ் கரோல்’ வெளியானது. அதே ஆண்டில், அதே நகரத்தில், ஹென்றி கோல் உலகின் முதல் அச்சிட்ட நத்தார் வாழ்த்து அட்டையை விற்பனைக்கு விட்டார். அந்த அட்டையில் குடும்பமே வைன் குடிக்கிறது, சிறு பிள்ளைக்கும் ஒரு வாய் ஊட்டுகிறார்கள். மதுவிலக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாழ்த்து அட்டை பிறந்த ஆண்டிலேயே வசவும் வாங்கியது.

குடிலுக்குள் கழுதை

மாடும் கழுதையும் இல்லாத குடில் உண்டா? ஆனால் லூக்கா சுவிசேஷத்தில் தீவனத்தொட்டி மட்டும்தான் இருக்கிறது, மிருகம் ஒன்றும் இல்லை. மாடு தன் எஜமானையும் கழுதை தன் தொழுவத்தையும் அறியும் என்ற பொருளில் ஏசாயா சொன்னதை வைத்துப் பிற்காலத்தவர் சேர்த்தவை அவை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நத்தார்க் காட்சி அமைத்தார். மற்ற ஊர்க்காரர் கழுதைக்குப் பொம்மை வாங்க வேண்டும். புத்தளம், கற்பிட்டி, மன்னார்ப் பக்கம் அந்தச் செலவு இல்லை. கட்டாக்காலிக் கழுதைகள் வீதியிலேயே நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் நகராது.

இன்னொன்று. கிடுகு வேய்ந்த குடிலின் மேல் நாங்கள் பஞ்சைப் பிய்த்துப் போடுகிறோமே, அது பனியாம். தமிழில் மார்கழிப் பனிக்கும் ஐரோப்பாவின் வெண்பனிக்கும் ஒரே சொல் இருப்பதால் நாங்கள் தப்பித்துக்கொள்கிறோம். பெத்லகேமிலும் வெண்பனி விழுவது அபூர்வம்.

பெருநாள் ஏன் நத்தாரில் இல்லை?

அன்னம்மாளின் திருநாள் ஜூலை 26, விடை அவ்வளவுதான். ஆனால் கரையில் நின்று பார்த்தால் இன்னொரு நியாயமும் தெரிகிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் போய் வாடி அடித்துத் தொழில் செய்வது பல தலைமுறை வழக்கம். அங்கே வாடைக்காற்று எழும்பி மாரி தொடங்க, மேற்குக் கடல் படுத்துவிடும். வலையோடு வீடு திரும்புவார்கள். ஆகவே டிசம்பர் இந்தக் கரையில் உழைப்புக் காலம். நத்தாருக்குப் புதுச் சட்டை வாங்கக் கையில் காசு புரளும், ஆனால் ஒரு வாரம் கூடாரத்தில் கிடக்க நேரம் வராது. படகு கரையில் கிடக்கும் ஜூலையில்தான் அம்மம்மாவைப் பார்க்கப் போக முடியும். இது எங்கள் ஊகம். கடலோரத்து வாசகர்கள் திருத்தலாம்.

கடல் படுத்தால் டொல்பின்களும் வரும் என்பது போனஸ். கற்பிட்டிக் கடலில் நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை அவற்றைக் கூட்டங் கூட்டமாகக் காணலாம். அதிகம் தென்படுவது தாவும்போதே பம்பரம்போல் சுழலும் இனம்.

காற்றைக் கொறிக்கலாம்

தெற்கிலிருந்து வருவது சோளகம், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். கச்சான் என்றால் இலங்கைத் தமிழில் நிலக்கடலையும்தான்! பெருநாள் முடிந்து வீட்டுக்குக் கச்சான் வாங்காமல் திரும்பினவரை இதுவரை யாரும் கண்டதில்லை.

கேக்குக்குள் பூசணிக்காய்

இலங்கை நத்தார் கேக்கில் கோதுமை மாவைத் தேடாதீர்கள். ரவைதான் அதன் உடம்பு. கஜு, முந்திரிகை வற்றல், இஞ்சிப் பாகு, பன்னீர், அதோடு சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் துண்டுகள். கஜு என்ற பெயர் போர்த்துக்கேயம், மரம் பிரேசிலிலிருந்து வந்தது, இன்று புத்தளம் மாவட்டத்தில் நன்றாக விளைகிறது. பறங்கியர் வீடுகளில் நத்தார்க் காலையில் ‘ப்ரூடர்’ வெட்டுவார்கள். ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த ஒல்லாந்துக் கேக் அது. பட்டரும் சீஸும் தொட்டுக்கொள்ள.

சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளில் சுடும் கொக்கிஸின் பெயரும் ஒல்லாந்தம். தமிழ்நாட்டில் அதுவே அச்சு முறுக்கு. சுவீடனிலும் நோர்வேயிலும் ஏறக்குறைய இதே பூ அச்சை மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து நத்தாருக்குத் தின்கிறார்கள். அச்சு யாருடையது என்று வழக்குப் போடத் தொடங்கினால் தீர்ப்பு வராது.

தினமும் காதில் விழும் டிசம்பர்ப் பிள்ளை

முச்சக்கரவண்டியில் வரும் சூன் பாண்காரரின் இசை என்ன தெரியுமா? பேத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபூர் எலிஸ்’. அவர் ஞானஸ்நானம் பெற்றது 1770 டிசம்பர் 17. வியன்னா அரங்கில் காசு கொடுத்துக் கேட்பதை நாங்கள் மாலுபாண் வாங்கும்போது இலவசமாகக் கேட்கிறோம்.

நிலா பார்க்கும் நாள்காட்டி

டிசம்பரில் வரும் உந்துவப் போயா, சங்கமித்தை வெள்ளரசுக் கிளையை இலங்கைக்குக் கொண்டுவந்ததை நினைவுகூர்வது. பூரணை சரியாக நத்தாரன்றே விழுந்தது 1977இலும் 2015இலும், அடுத்தது 2034இல். நோன்புப் பெருநாளோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். 2000ஆம் ஆண்டில் அது நத்தார் வாரத்துக்குள் வந்தது. 2033இல் இரண்டு நோன்புப் பெருநாள்கள்: ஒன்று ஜனவரித் தொடக்கத்தில், மற்றது நத்தாரை ஒட்டி. புத்தளத்தில் அந்த வருடம் வட்டிலப்பமும் நத்தார் கேக்கும் ஒரே மேசையில் இருக்கப்போகின்றன. இப்போதே குறித்து வையுங்கள்.

டிசம்பர் 26

2004இல் கடல் ஏறிவந்த நாள். ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை 9.25 முதல் 9.27 வரை நாடு இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது.

எல்லாருக்கும் பாட்டி

பிரான்சின் மேற்கு முனையில் பிரெத்தோன் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களும் கடலோடிகள்தான். அன்னம்மாளை அவர்கள் தங்கள் மொழியில் அழைப்பது ‘மம் கோஸ்’ என்று. பொருள்: பாட்டி. தலவிலவில் சிங்களமும் தமிழும் பேசுகிற பேரப்பிள்ளைகள்; ஞானஸ்நானம் பெறாத பேரப்பிள்ளைகளும் மெழுகுதிரியோடு வருவதுண்டு.

மிகச் சிறிய பகல், மிகப் பிந்திய விடியல்

டிசம்பர் 21 அல்லது 22 எங்கள் பக்கத்தில் மிகக் குறுகிய பகல். அன்று லண்டனுக்குக் கிடைப்பது எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. கற்பிட்டிக்கு ஏறத்தாழ 11 மணி 40 நிமிடம். ஜூன் மாதத்து நீண்ட பகலோடு ஒப்பிட்டாலும் ஒரு மணித்தியாலம்கூடக் குறையாது. வேடிக்கை என்னவென்றால், சூரியன் மிக முந்தி மறைவது அன்றல்ல, நவம்பர் நடுப்பகுதியில். மிகப் பிந்தி உதிப்பதும் அன்றல்ல. நத்தார் முடிந்து, மூவிராசாக்கள் வந்து போய், குடிலைக் கழற்றிப் பஞ்சைப் பெட்டிக்குள் வைத்த பிறகும் விடியல் நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போய், ஜனவரிக் கடைசியில்தான் நிற்கும். அம்மம்மா வீட்டிலிருந்து திரும்பிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எழும்ப மறுத்து, “இன்னும் விடியேல்லை அம்மா” என்றால், அது பொய்யில்லை.