இறுதிக் கடன்



மணவிழாவிற்குப் பல மாதங்கள் ஆயத்தம் செய்கிறோம். இறப்போ நாள் குறித்து வருவதில்லை. ஆதலின், கலங்கி நிற்கும் இல்லத்தில் செய்யத்தக்கது இன்னதென அறிந்த ஒருவர் இருத்தல் பெருந்துணையாகும். அவர் நீங்களாகவும் இருக்கலாம். 1952ஆம் ஆண்டில் மயிலாப்பூரினின்று பிரிந்து தோன்றிய தஞ்சை மறைமாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை மனத்திற்கொண்டு, கத்தோலிக்கர் இக்கடனை ஆற்றும் முறையைக் காண்போம்.

நோய் முற்றும்போதே பங்குத்தந்தையை அழைத்தல் முதற்கடமை. நோயில் பூசுதல் என்னும் அருளடையாளம் உயிருள்ளோர்க்கே உரியது. உயிர் பிரிந்தபின், அவரைக் கலந்தே அடக்கத்தின் நாளையும் நேரத்தையும் குறித்தல் வேண்டும். உறவினர்க்கெல்லாம் நேரம் சொல்லிவிட்டுப் பின்னர்க் கோயிலுக்குச் செல்வது முறையன்று. பெரிய வியாழன், பெரிய வெள்ளி போன்ற நாள்களில் அடக்கத் திருப்பலி இல்லை. மன்றாட்டுகளுடன் நல்லடக்கம் மட்டும் நடைபெறும்.

சடங்கு மூன்று நிலைகளை உடையது: இல்லத்தில் செபம், கோயிலில் திருப்பலி, கல்லறையில் அடக்கம். பெட்டியின்மீது தெளிக்கும் தீர்த்தம், இறந்தவர் முன்பு பெற்ற திருமுழுக்கை நினைவூட்டுகிறது. அருகில் எரியும் பாஸ்காத் திரி உயிர்த்த கிறித்துவைக் குறிக்கிறது. தூபம் உடலுக்குச் செய்யும் மரியாதை. 1969இல் திருத்தப்பெற்ற சடங்குமுறை, அச்சத்தினும் உயிர்ப்பின் நம்பிக்கையையே முன்வைக்கிறது. மறைநூல் வாசகங்களைத் தேர்வதில் குடும்பத்தாரும் பங்குகொள்ளலாம். பேரனோ பேர்த்தியோ அவற்றை வாசிக்கலாம்.

காவிரிக் கரையினராகிய நாம், அண்டை வீட்டார் தம் முன்னோரின் சாம்பலை ஆற்றில் கரைப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள். கத்தோலிக்கர்க்கு 1963 முதல் எரியூட்டல் இசைவு பெற்றுள்ளது. எனினும், சாம்பலை நீரிலோ நிலத்திலோ தூவலாகாது, புனித இடத்திலேயே வைத்தல் வேண்டும் என்று உரோமாபுரி 2016இல் அறிவுறுத்தியது. உடல் மீண்டும் உயிர்த்தெழும் என்னும் நம்பிக்கையும், இறந்தவர் ஊராரின் செபத்தினின்று மறையலாகாது என்னும் கருத்துமே இதற்குக் காரணம்.

இனிச் செலவு பற்றி ஒரு சொல். வறியவர் எவரும் தக்க அடக்கத்தை இழக்கலாகாது என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். ஆயின் நாமோ, மேட்டூர் நீர் காலத்தே வாராது குறுவை பொய்த்த ஆண்டிலும், ஊரார் மெச்சவேண்டிப் பந்தலுக்கும் வாணத்திற்கும் வட்டிக்குப் பணம் வாங்குகிறோம். இறந்தவருக்கு ஆற்றும் கடன், இருப்போர் தலையில் ஏறும் கடனாதல் முறையோ? எளிய பெட்டியும், மெழுகுதிரியும், உள்ளன்புடைய செபமும் போதும்.

அடக்கம் முடிந்ததும் இரண்டு பதிவுகள் உள்ளன: ஒன்று பங்கின் இறந்தோர் ஏட்டில், மற்றொன்று 21 நாள்களுக்குள் அரசுப் பதிவாளரிடம். இவற்றை மறத்தலாகாது.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். அடைமழைக் காலமாயினும், அன்று குடும்பத்தார் கல்லறையைத் துப்புரவு செய்து, பூவிட்டுத் திரி ஏற்றுவர். நீங்களும் பெரியவர்களுடன் செல்லுங்கள். அவர்களின் விருப்பம் யாதென அங்கே மெல்லக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.