13 வயதில் அளந்த உயரம்

பிரான்ஸ் தேசத்தின் பர்கண்டிப் பிரதேசத்தில், ஸோன் நதியின் கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த மாக்கோன் என்னும் சிறு நகரத்திலிருந்து, கால்பந்துக் கழகங்கள் நடத்திய தேர்வுகளுக்காக ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வீடு திரும்பிய ஒரு சிறுவன் இருந்தான். லியோன், செயின்ட் எட்டியென், ஓசேர், மெட்ஸ் என்று கீர்த்தி பெற்ற கழகங்கள் பல அவன் ஆட்டத்தைப் பார்த்தன. இடது காலால் அவன் பந்தை ஆளும் நயத்தைக் கண்டும், கடைசியில் அவை சொல்லிய ஆட்சேபம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: பையன் குள்ளமாக இருக்கிறான், சரீரம் போதாது. அவற்றுள் லியோன் மறுத்ததுதான் அதிகம் வலித்திருக்க வேண்டும். ஏனெனில் அது அவன் சிறு பிராயம் முதல் நேசித்த கழகம், அவன் ஊருக்கு மிக அருகில் இருந்த பெருங்கழகம். 1991 மார்ச் 21-ஆம் தேதி பிறந்த அந்தச் சிறுவனின் பெயர் அந்துவான் கிரீஸ்மான். உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியின் முன்கள வீரராகவும், ஸ்பெயினில் ஒரு பெருங்கழகத்தின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவராகவும் அவர் பின்னாளில் விளங்கினார்.

சொந்த நாட்டில் வேண்டாமென்று கழிக்கப்பட்ட இளைஞர்கள் அந்நிய மண்ணில் பெரும் புகழ் எய்துவது கால்பந்தில் அடிக்கடி காணும் செய்தி. அதைக் கேட்கும்போது, விடாமுயற்சியின் மகிமை என்று சொல்லி நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். விடாமுயற்சி இல்லாமல் எதுவும் நடக்காது என்பது மெய்யே. ஆயினும், தேர்ந்த கண்களை உடைய பயிற்சியாளர்கள் இத்தனை பேர் ஒருமித்து எப்படித் தவறினார்கள் என்ற கேள்விக்கு அது விடையாகாது. கிரீஸ்மானின் சரித்திரத்தை நிதானமாகப் பார்த்தால் அந்த விடை கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆண் பிள்ளைகளின் உயரம் மிக வேகமாக வளரும் பருவம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. ஆனால் சராசரி என்பது பலரையும் கூட்டி வகுத்த கணக்கேயன்றி, எந்த ஒரு பிள்ளையின் கணக்கும் அன்று. சிலருக்கு அந்தப் பருவம் 12 வயதிலேயே வந்துவிடும். சிலருக்கு 16 ஆனாலும் வராது. ஆகவே, ஒரே வருஷத்தில் பிறந்து ஒரே மைதானத்தில் நிற்கும் 13 வயதுப் பையன்கள் இருவரில், ஒருவன் எலும்பிலும் தசையிலும் வாலிபனாகவும் மற்றவன் இன்னும் குழந்தையாகவும் இருப்பது சர்வ சாதாரணம். முந்தி வளர்ந்தவன் ஓடினால் மற்றவனால் பிடிக்க முடியாது. தோளால் மோதினால் மற்றவன் விழுந்துவிடுவான். பந்தை ஓங்கி உதைத்தால் அது வலைக்குள் போய்த்தான் நிற்கும். முன்கள வீரனின் தொழில் கோல் அடிப்பது, கோல்களை எண்ணிவிடலாம், எண்ணக்கூடியதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுவது மனித சுபாவம். தற்காப்பு வீரனுக்கோ நடுக்கள வீரனுக்கோ கிடைக்கும் பொறுமை, முன்களத்துச் சிறுவனுக்குக் கிடைப்பதில்லை. அன்றைய கோல் கணக்கு அன்றைய தசைவலிமையின் கணக்காகவே பெரும்பாலும் இருக்க, அதை நாளைய திறமையின் கணக்காகத் தேர்வாளர்கள் வாசித்துவிடுகிறார்கள்.

இதில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. பிந்தி வளரும் சிறுவன், வலிமையால் வெல்ல வழியில்லாத காரணத்தால், வேறு யுக்திகளைத் தேடிக்கொள்ள வேண்டியவனாகிறான். பந்து வருமுன்பே எங்கே நிற்பது என்று யோசிக்கிறான். எதிராளி நெருங்குமுன் ஒரே தொடுதலில் பந்தைத் தட்டிவிடக் கற்கிறான். பெரியவர்களின் கால்களுக்கு இடையே ஒழிந்த இடம் எது என்று கண்டுகொள்கிறான். பிற்பாடு சரீரமும் வளர்ந்துவிட்டால், சிறு வயதில் சேர்த்த அந்த விவேகம் அவனிடமே தங்கிவிடுகிறது. கிரீஸ்மானின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், இடைவெளியைத் தேடி அலையும் அவர் நடையையும் ஒற்றைத் தொடுதலில் தோழனுக்குப் பந்தை விடும் அழகையும் மறந்திருக்க மாட்டார்கள். வளர்ந்த பின் அவர் உயரம் 176 சென்டிமீட்டர். அது பிரான்ஸ் நாட்டு ஆண்களின் சராசரி உயரத்தை ஒட்டியது. குள்ளம் என்று யாரும் சொல்லக்கூடியதன்று.

அன்றைய பிரான்ஸில் பொதுவான ரசனையும் அவருக்கு அனுகூலமாக இல்லை. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்துக்கும் பலத்துக்கும் வேகத்துக்கும் அளவுக்கு மிஞ்சிய மதிப்புத் தரப்படுகிறதென்ற விமர்சனம் அந்நாட்டிலேயே எழுந்ததுண்டு. எல்லையில் உள்ள மலைத்தொடருக்கு அப்பால் ஸ்பெயினிலோ, 170 சென்டிமீட்டரை ஒட்டிய உயரமுடைய சாவியும் இனியெஸ்டாவும் நடுக்களத்தை ஆள, அந்த அணி 2008-இலும் 2012-இலும் ஐரோப்பியக் கோப்பையையும், 2010-இல் உலகக் கோப்பையையும் வென்றது. சரீரத்தை வைத்து மனிதனை எடைபோடும் வழக்கம் பிரான்ஸில் புதிதும் அன்று. மிஷேல் பிளாட்டினி வாலிபராக இருந்தபோது, மூச்சின் வலிமையைப் பரீட்சிக்கும் கருவியில் தேறவில்லை என்பதற்காக அவரைச் சேர்த்துக்கொள்ளாத கழகமும் இதே மெட்ஸ்தான். அவர் நான்சியில் சேர்ந்து, இத்தாலியின் யுவென்டஸுக்குச் சென்று, 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தைப் பெற்றார்.

2005-ஆம் வருஷம், மோன்பெலியே கழகத்தின் தேர்வில் இருந்த கிரீஸ்மான், பாரிஸில் நடந்த ஒரு சிறுவர் ஆட்டத்தில் அந்தக் கழகத்தின் உடையில் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்பெயினின் வட கோடியில், பாஸ்க் நாட்டின் கடற்கரையில் உள்ள சான் செபாஸ்டியன் நகரத்து ரியால் சோசியதாத் கழகத்துக்காகத் திறமையுள்ள பிள்ளைகளைத் தேடி வந்த ஏரிக் ஓலாட்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைப் பார்த்தார். எல்லோரும் பார்த்த அதே சிறுவனைத்தான் அவரும் பார்த்தார். தொலைபேசி எண் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை அவர் பையனிடம் கொடுத்தார். ஒரு வாரம் வந்து ஆடிப் பார்க்கட்டும் என்று அழைத்தார்கள், ஒரு வாரம் போதாதென்று இரண்டாவது வாரமும் வைத்துப் பார்த்தார்கள், பிறகே சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டாவது வாரத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். முதல் வாரத்தில் ஐயம் தீரவில்லையென்றால் அனுப்பிவிடுவது மற்றவர்களின் வழக்கமாக இருக்க, இவர்களோ ஐயம் தீரும்வரை இன்னும் சற்று அவகாசம் கொடுத்தார்கள்.

பெற்றோர் தயங்கினார்கள், மகன் மறுக்கப்பட்ட ஏமாற்றங்களை அவர்கள் அதற்கு முன் பல முறை கண்டவர்கள். முடிவில் இசைந்தார்கள். எல்லையின் பிரெஞ்சுப் பக்கத்தில் உள்ள பயோன் நகரத்தில் ஓலாட்ஸின் வீட்டிலேயே பையன் தங்கினான். பகலில் அங்கே பள்ளிக்கூடம். மாலையில் எல்லையைத் தாண்டி ஸ்பெயினில், சோசியதாத்தின் சுபியேட்டா பயிற்சி மைதானம். புதிய பாஷை, புதிய சாப்பாடு, தாய் தந்தையர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில். 14 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிரிவு எளிதாக இருந்திருக்க முடியாது. பரதேசம் போய் ஜெயித்தவர் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் நான்கு வருஷத்து மாலைப் பிரயாணங்கள் அடங்கியிருக்கின்றன.

பிறகு, கழகத்துக்கு நேர்ந்த துர்ப்பாக்கியம் ஒன்று பையனுக்கு அதிர்ஷ்டமாக முடிந்தது. 1981, 1982 ஆகிய இரு ஆண்டுகளில் ஸ்பெயினின் சாம்பியனாக விளங்கிய ரியால் சோசியதாத், 40 ஆண்டுகள் முதல் பிரிவில் நிலைத்திருந்த பின், 2007-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, கடனும் சூழ்ந்தது. விலை கொடுத்து வீரர்களை வாங்கச் சக்தியில்லாத கழகம் தன் வீட்டுப் பிள்ளைகளைத்தான் திரும்பிப் பார்க்கும். 2009-இல் பயிற்சியாளராக வந்த உருகுவே நாட்டு மார்ட்டின் லசார்ட்டே, இடது ஓரத்தில் ஆட ஆள் தேடியபோது 18 வயதுக் கிரீஸ்மான் கண்ணில் பட்டார். பருவத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டங்களில் அவர் கோல் மேல் கோல் அடிக்க, முதல் அணியில் இடம் உறுதியாயிற்று; அந்தப் பருவத்தின் முடிவிலேயே, 2010-இல், கழகம் மீண்டும் முதல் பிரிவுக்கு ஏறியது. செல்வம் கொழிக்கும் கழகமாக இருந்திருந்தால், அந்த இடது ஓரத்துக்கு எங்கிருந்தோ ஒரு நட்சத்திரம் விலைக்கு வந்திருக்கும். பையன் இரண்டாம் அணியிலேயே வருஷங்களைக் கழித்திருக்கக்கூடும்.

அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிக்கவில்லை. 2012-இல், 21 வயதுக்குட்பட்டோர் அணியின் முக்கியமான ஆட்டத்துக்கு முன், தோழர் சிலரோடு முகாமிலிருந்து வெளியேறிப் பாரிஸில் இரவைக் கழித்ததற்காக, 2013 முடியும்வரை பிரான்ஸின் எந்தத் தேசிய அணியிலும் இடமில்லை என்று தண்டிக்கப்பட்டார். உயரத்தைப் பற்றிய சந்தேகம் தீர்ந்த இடத்தில் ஒழுக்கத்தைப் பற்றிய சந்தேகம் முளைத்தது. அதற்கு அவரே காரணம். அந்தத் தண்டனைக் காலத்தில்தான் அவர் ஆட்டம் முதிர்ந்தது. 2013 ஜூன் முதல் தேதி, லீகின் கடைசி நாளில், டெப்போர்ட்டிவோவுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்து, ரியால் சோசியதாத்துக்கு நான்காம் இடத்தையும், சாம்பியன்ஸ் லீகின் தகுதிச்சுற்றில் ஆடும் உரிமையையும் வாங்கித் தந்தார். அந்தச் சுற்றில் எதிரணி எது என்று சீட்டு எடுத்துப் பார்த்தபோது வந்த பெயர் லியோன்.

2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, லியோனின் பழைய ஜெர்லான் மைதானத்தில், வலப்புறத்திலிருந்து உயர்ந்து வந்த பந்தை, தரையில் விழவிடாமல், உடலைச் சாய்த்து அந்தரத்திலேயே இடது காலைச் சுழற்றி அவர் வலைக்குள் அடித்தார். ரியால் சோசியதாத் அங்கே 2-0 என்றும், தன் ஊரில் மறுபடியும் 2-0 என்றும் வென்றது. அடுத்த ஆண்டு அட்லெட்டிகோ மாட்ரிட் அவரை வாங்க, அங்கே பயிற்சியாளர் டியேகோ சிமியோனே, ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவரைக் கோலுக்கு அருகே கொண்டுவந்து முழு முன்கள வீரராக்கினார். முதல் லீக் பருவத்திலேயே 22 கோல்கள்.

உடலைப் பற்றிய சந்தேகம் ஒரு வகை என்றால், வாய்ப்புக் கொடாமலே எழும் சந்தேகம் மற்றொரு வகை. எகிப்தின் நாக்ரிக் கிராமத்தில் 1992-இல் பிறந்து, பல பஸ்கள் மாறி மணிக்கணக்கில் பிரயாணம் செய்து கெய்ரோவில் பயிற்சி பெற்ற முகமது சலாவை, இவர் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி 2011-இல் ஜமாலெக் கழகம் எடுத்துக்கொள்ளவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசெல் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து 2014-இல் லண்டனின் செல்ஸிக்குச் சென்றபோது, 13 லீக் ஆட்டங்களும் 2 கோல்களும்தான் அவர் கணக்கில் சேர்ந்தன. இங்கிலாந்துக்கு இவர் ஏற்றவரல்லர் என்று பலர் முடிவுகட்டினர். இத்தாலியில் தொடர்ந்து ஆடிப் பக்குவப்பட்டு 2017-இல் லிவர்பூலுக்கு வந்தவர், முதல் பருவத்திலேயே 32 லீக் கோல்கள் அடித்து, 38 ஆட்டங்கள் கொண்ட பருவத்துக்கு அன்றுவரை இல்லாத கணக்கை நிறுவினார். தேசமும் லீகும் அதேதான். நடுவில் கழிந்தவை மூன்றே வருஷங்கள்.

இதனால் வெளிநாடு போனவர் எல்லோரும் விளங்குவர் என்று எண்ணிவிடலாகாது. பெயர் தெரியாமல் திரும்பியவர்களே அநேகர். அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. கிரீஸ்மானுக்கே 2019-இல் 12 கோடி யூரோ விலையில் போன பார்சிலோனா ஒத்துவரவில்லை. இரண்டே பருவங்களில் மாட்ரிட் திரும்பினார். சொல்லத்தக்கது இதுதான்: அளவுகோலைத் திருத்துவது சாத்தியம். பெல்ஜியத்தின் கால்பந்துச் சம்மேளனம், பிந்தி வளரும் பிள்ளைகளுக்கென்றே தனித் தேசிய அணி நடத்துகிறது. இங்கிலாந்தில், பிறந்த தேதியைப் பாராமல் உடல் முதிர்ச்சியைப் பார்த்துச் சிறுவர்களைப் பிரித்து ஆடவைக்கும் போட்டிகளை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஒரு குழந்தையின் இன்றைய உடம்பைக் கொண்டு அதன் ஆயுளுக்கும் தீர்ப்பு எழுதும் அநியாயத்தைத் தடுக்க, எல்லாத் தேசங்களும் இவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

2016-ஆம் ஆண்டில் ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு இறுதியாட்டங்களில் கிரீஸ்மான் தோற்றார். மிலானில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவர் உதைத்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பாரிஸ் அருகே நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், 6 கோல்கள் அடித்துப் போட்டியின் சிறந்த வீரராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டும், கோப்பை போர்ச்சுகலுக்குப் போயிற்று. இரண்டு வருஷங்களுக்குப் பின், 2018 ஜூலை 15-ஆம் தேதி, மாஸ்கோவில் குரோஷியாவை 4-2 என்று வென்ற உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் அவரே. அட்லெட்டிகோவுக்காக லூயிஸ் அராகோனெஸ் நீண்ட காலத்துக்கு முன் அடித்திருந்த 173 கோல்களை 2024 ஜனவரியில் கடந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், 137 ஆட்டங்களும் 44 கோல்களும் கணக்கில் இருக்க, தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். அதுவரை பிரான்ஸின் லீகில் அவர் ஒரு நாளும் ஆடியதில்லை.

ஆனால் லியோன் நகரத்தில் மட்டும் திரும்பத் திரும்ப ஆடினார். 2016 ஐரோப்பியக் கோப்பையில் அயர்லாந்திடம் பின்தங்கியிருந்த பிரான்ஸை இரண்டு கோல்கள் அடித்துக் காப்பாற்றியது லியோனின் புதிய மைதானத்தில். 2018 மே 16-ஆம் தேதி யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் மார்சேயை அட்லெட்டிகோ 3-0 என்று வென்றபோது முதல் இரண்டு கோல்களையும் அவர் அடித்ததும் அங்கேதான். அந்த மைதானத்திலிருந்து மாக்கோனுக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம்.