குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று 2024 மே மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அந்த மாதக் கடைசியில், சென்னை மாதவரத்தில் தாய்ப்பாலைப் புட்டியில் அடைத்து விற்ற கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அதையொட்டி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் பிள்ளை குடித்தது போக மிஞ்சும் பாலைத் தானமாகத் தரலாமா? சூடாக்கிய பிறகு அதில் என்னதான் சத்து இருக்கும்?”

தாராளமாகத் தரலாம். இரண்டாவது கேள்விதான் நின்று பேச வேண்டியது.

தாய்ப்பால் வங்கியில் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, சட்டென்று குளிர வைப்பார்கள். எச்.ஐ.வி. உள்ளிட்ட கிருமிகள் செயலிழந்துவிடும். கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் நொதியும் போய்விடும். நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பங்கு கெடும். ஆகவே தானப்பால் பெற்றவளின் பாலுக்குச் சமம் என்பது மிகை. ஆனால் ஆலிகோசாக்கரைடு எனப்படும் சர்க்கரைகளை அந்தச் சூடு ஒன்றும் செய்வதில்லை. லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்து தாய்ப்பாலில் அதிகம் இருப்பவை இவையே: லிட்டருக்கு 5 முதல் 15 கிராம், ஏறத்தாழ 200 வகை. இத்தனையும் இருந்து, குழந்தைக்கு இவை செரிக்காது!

பின் யாருக்காகச் சுரக்கின்றன? குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற நுண்ணுயிருக்காக. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளை தொடாத பதார்த்தத்தை, அதை மட்டுமே விரும்பும் விருந்தாளிக்காக அம்மா சமைத்திருக்கிறாள். விருந்தாளி சர்க்கரையை முழுசாகத் தன் செல்லுக்குள் இழுத்து, உள்ளே வைத்தே உடைக்கிறது. பக்கத்து இலைக்காரருக்கு ஒரு பருக்கை சிந்துவதில்லை. முதல் பந்தியிலேயே இடம் நிறைந்துவிடுவதால் அழையாதவர்களுக்கு இலை கிடையாது. எழுந்து போகும்போது மொய்யும் வைக்கிறது: அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும். குடலில் அமிலம் கூட, கெடுதல் செய்யும் பல பாக்டீரியாக்கள் அங்கே தழைக்க முடிவதில்லை. ஒன்று மட்டும் குறை. சூடு பாலிலிருந்த நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுவதால், தானப்பால் இலை போடுமே தவிர விருந்தாளியைக் கூட்டி வராது. பெற்றவளின் சீம்பாலைச் சில சொட்டானாலும் விடாமல் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பால் பவுடர் டப்பாக்களில் இப்போது இந்தச் சர்க்கரையின் பெயரைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு வகை. 200 எங்கே, இரண்டு எங்கே?

குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் திசு அழுகும் கொடிய நோய் ஒன்று வரும். தானப்பாலுக்குப் பதில் பால் பவுடர் கொடுத்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. பாதுகாப்பு முழுவதும் சர்க்கரையால்தான் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. அதற்கும் பங்கு உண்டு என்பதற்கு உண்டு.

வரலாறு: 1909இல் வியன்னாவில் முதல் வங்கி, 1989இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது ஆசியாவின் முதல் வங்கி. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு 2014இல் வந்தது.

வாசகிக்கு: உங்கள் பிள்ளை வயிறாரக் குடித்த பிறகு மிஞ்சுவதே போதும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை உண்டு. பணம் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. தெரிந்த வீடுதானே என்று பரிசோதனை இல்லாமல் நேரே கொடுத்துவிடாதீர்கள். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு முதல் நாள் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் செலுத்துவார்கள். நீங்கள் தரும் 50 மில்லி அதற்குப் பல வேளைக்கு வரும்.