வண்டி வேறு அழைப்புக்குச் சென்றிருக்கிறது

நள்ளிரவு 2 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து வெகு தூரத்தில் ஒரு சிற்றூர். குழந்தை பெற்றுச் சில மணி நேரமே ஆன தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. வீட்டார் 108க்கு அழைக்கிறார்கள். எதிர்முனையில் உடனே பேசுகிறார்கள். ஊரையும் தெருவையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவ்வூருக்கு அண்மையில் நிற்க வேண்டிய ஊர்தி அங்கே இல்லை. அடுத்த வட்டாரத்திலிருந்துதான் வேறொன்று வந்தாக வேண்டும். அருகிலிருந்த ஊர்தி எங்கே போயிற்று? நண்பர்களிடம் பந்தயம் கட்டிய வாலிபன் ஒருவன், “புறவழிச்சாலையில் லாரி மோதி மூன்று பேர் கிடக்கிறார்கள்” என்று சொல்ல, அந்த ஆளரவமற்ற சாலையில் விளக்கைச் சுழலவிட்டபடி மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன காட்சிதான். ஆயினும் இதில் வருகிற ஒவ்வொரு துண்டும் நம் நாட்டில் அன்றாடம் நடப்பதே. மகப்பேற்றுக்குப் பின் ஏற்படும் கடும் உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்திற்குள் ஒரு தாயின் உயிரைக் குடித்துவிடும். இதயம் திடீரென நின்றுபோனவருக்கு அந்த அவகாசம்கூடக் கிடையாது; நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்கிவிடுகிறது.

2005ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் தொடங்கப்பெற்ற 108 சேவை, 2008 செப்டம்பரில் தமிழகத்திற்கு வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்திகள் இரவு பகலாக ஓடுகின்றன. கட்டணம் ஒரு பைசா இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் ஒருவரும் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பர். ஆயிரம் வண்டி என்றால் பெரிதாகத் தோன்றலாம். ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்! பல சிற்றூர்களுக்குச் சேர்த்து ஒரே வண்டி என்பதுதான் கணக்கு. அந்த ஒன்று வீணாகப் புறப்பட்டால் அத்தனை ஊர்களும் அந்த நேரத்திற்கு வண்டியற்ற ஊர்களே.

“பொய் அழைப்பு என்று தெரிந்தால் போகாமல் இருந்துவிடலாமே?” என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கடம் இருக்கிறது. அழைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது விளையாட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். மூச்சுத் திணறிப் பேச நா எழாத முதியவராகவும் இருக்கலாம். சிரித்துக்கொண்டே பேசுகிறவன் பொய்யன் என்று எண்ணினால், பதற்றத்தில் சிரிப்பும் அழுகையும் கலந்து பேசுகிறவர்களும் உண்டு. ஆகவே, ஐயம் எழுந்தாலும் மெய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அந்த நல்லெண்ணத்தைத்தான் குறும்புக்காரன் களவாடுகிறான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பயணமொன்றில், உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரிடமிருந்த கயிற்றை மற்றவர்கள் விளையாட்டாக எடுத்துவிட, அவர் திடுக்குற்று விழித்த நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒரு முஸ்லிமை இன்னொருவர் அச்சுறுத்துவது ஆகாது என்று பெருமானார் அப்போது கண்டித்தார்கள். ஒரு கயிற்றுக்கே அந்தக் கண்டிப்பு! மூவர் சாகக் கிடக்கிறார்கள் என்று பொய்யுரைத்து இருவரை இருட்டுச் சாலையில் விரட்டுவதற்கு என்ன பெயர் சூட்டுவது? நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படிச் செய்வார்களா என்று உடனே தலையசைக்காதீர்கள். அழுகிற குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிற பழக்கம் எந்த வீட்டில் இல்லை? பூட்டிய கைப்பேசியிலிருந்தும் அவசர அழைப்பு செல்லும் என்பதை நம்மில் பலர் அறியோம்.

இனி, பொய்யே சொல்லாமல் நாம் செய்யும் தவறுகளுக்கு வருகிறேன். குறும்பர்களைத் திட்டுவது எளிது. இது நம்மைப் பற்றியது என்பதால் சற்றுக் கசக்கும்.

மூன்று நாள் காய்ச்சலுக்கு, பல்வலிக்கு, மாதாந்தரப் பரிசோதனைக்கு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கு, ‘ஆட்டோவுக்கு ஏன் காசு?’ என்று 108ஐ அழைப்பவர்கள் இருக்கிறார்கள். வறுமையால் அழைப்பவரைக் குறை சொல்ல என் பேனா கூசுகிறது. வாசலில் மோட்டார் வாகனம் நிற்க, இலவசம்தானே என்று அழைப்பவரைத்தான் சொல்கிறேன். உடல்நல ஆலோசனை கேட்க 104 என்ற எண் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிட 102 இருக்கிறது. அங்கு இறந்தவரின் உடலை எடுத்துவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கிறது. நம் ஊர்கள் பலவற்றில் ஜமாஅத்தும் சமுதாய இயக்கங்களும் ஸதகா நிதியில் வாங்கி நிறுத்தியிருக்கும் ஊர்திகளும் உள்ளன. அவசரமில்லாத பயணத்திற்கு இவற்றை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

இன்னொரு தவறு இருக்கிறது. அதை எங்கள் வீடே செய்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலானில், அஸர் தொழுதுவிட்டு வந்த சாச்சா திண்ணையிலேயே மயங்கிச் சரிந்தார். நான்தான் 108க்கு அழைத்தேன். அழைத்தது சரிதான். ஐந்து நிமிடம் ஆவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துவர, எல்லாரும் அதில் ஏறிப் போய்விட்டோம். அழைத்த கைப்பேசியோ வீட்டிலேயே கிடந்தது. மருத்துவமனையில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று சொல்லி மருந்து ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், மஃரிபுக்குள் சாச்சா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரவு வீடு திரும்பிப் பார்க்கிறேன், தவறிய அழைப்புகள் ஒன்பது. எங்கள் தெருவோ இரண்டு மிதிவண்டி ஒதுங்கினால் மூன்றாவது போக முடியாத தெரு. வண்டி முனையில் நின்றுவிட, தூக்குப் படுக்கையைச் சுமந்துகொண்டு இருவரும் நடந்தே வந்து, பூட்டிய கதவைத் தட்டி, உள்ளே நோயாளி தனியாக விழுந்து கிடக்கிறாரோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நோன்பு திறக்கும் நேரமாதலால் தெருவில் விசாரிக்கவும் ஆளில்லை.

மறுநாள் அந்த எண்ணுக்குப் பேசி மன்னிப்புக் கேட்டேன். மருத்துவ உதவியாளராக இருந்த பெண் கோபிக்கவில்லை. “பெரியவர் நலமா?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, “வேறு வண்டியில் போய்விட்டால் 108க்கு ஒரு வார்த்தை திரும்பச் சொல்லிவிடுங்கள் ஐயா, நாங்கள் அடுத்த இடத்துக்குப் போகலாம்” என்றார். அடுத்த இடம் அன்று எதுவாக இருந்தது என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, அழைப்பதற்கே அஞ்சிவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய தீங்கு. நம் இல்லங்களில் பெண்கள் வலியை மறைத்துப் பழகியவர்கள். ‘ராத்திரி நேரத்தில் தெருவில் வண்டி வந்து நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?’ என்று விடியும்வரை பொறுத்திருந்து உயிரை விட்ட தாய்மார்கள் உண்டு. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. தாடையிலோ முதுகிலோ வலி, மூச்சிரைப்பு, குமட்டல், காரணமில்லாத வியர்வை என்றும் தோன்றும். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்திற்குள் போட்டால்தான் பயன் தரும். வலிப்பு, பாம்புக்கடி, தீக்காயம், விபத்து, நஞ்சு, பிரசவ வலி ஆகியவற்றில் ஒரு கணமும் யோசிக்க வேண்டாம். வாயுத் தொல்லை என்று பின்னர் தெரிந்தாலும் குற்றமில்லை. நெஞ்சுவலி வாயுவா, இதயமா என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நாம் ஹகீம்கள் அல்லர். உள்ளதை உள்ளபடி சொன்னவர் வீண் அழைப்பாளர் ஆகமாட்டார்.

அகழ்ப்போரில் அம்பு தைத்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அமைத்திருந்த மருத்துவக் கூடாரத்தில் வைக்கும்படி பெருமானார் பணித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அன்று ஒரு கூடாரம். காயம்பட்டவர்களுக்கு அங்கே இடம் இருந்தாக வேண்டும். நம் ஊர் முனையில் நிற்கும் வண்டியிலும் ஒரே ஒரு படுக்கைதான் இருக்கிறது.

அந்த நோன்புக்குப் பின் எங்கள் வீட்டுக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். மாவட்டம், வட்டம், தெரு, கதவு எண், எல்லாருக்கும் தெரிந்த அடையாளமாகப் பள்ளிவாசல் மினாரா. சர்க்கரை நோய்க்குச் சாச்சா உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர். வண்டி வந்தால் தெருமுனைக்கு ஓடி வழிகாட்ட வேண்டிய பையனின் பெயர். கடைசி வரியைச் சாச்சாவே தம் நடுங்கும் கையால் எழுதினார்: “வேறு வண்டியில் போனால் 108க்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.”