படத்தில் வரையாத பாகங்கள்

எங்கள் மூத்தவாப்பா ஒரு காலத்தில் சோனகதெருவில் றேடியோ திருத்துபவராக இருந்தார். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, அவருடைய ஈயக்கோலும் மீற்றரும் மேசையிலேயே கிடந்தன. புத்தளத்தில் இருந்த காலம் முழுவதும் அவர் ஒரு றேடியோவையும் திறக்கவில்லை. இப்போது நாங்கள் நல்லூரில் குடியிருக்கிறோம். உயர்தரப் பௌதிகவியலில் கொள்ளளவி படித்த வாரம், "இத வெச்சு என்ன செய்யலாம், மூத்தவாப்பா?" என்று கேட்டேன். "ஸ்டேஷன் புடிக்கலாம் மகள்" என்றார். அப்படித்தான் நான் வானொலிச் சுற்றுச் செய்யப் பழகத் தொடங்கினேன். அதில் நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம்மைச் சுற்றி ஒரே நேரத்தில் பல நிலையங்களின் அலைகள் இருக்கின்றன. நீளமான ஒரு வயரைக் கட்டினால் அவை எல்லாமே அதில் சிறு மின்னோட்டங்களை உண்டாக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுப்பதே முதல் வேலை. ஊஞ்சலை அதன் சொந்த ஆட்டத்துக்கு ஏற்பத் தள்ளினால், சிறு தள்ளலிலேயே உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் ஆட்டம் குறையும். கம்பிச் சுருளையும் கொள்ளளவியையும் சமாந்தரமாக இணைத்தால் அதுவும் ஓர் ஊஞ்சல்தான். அதன் சொந்த மீடிறனில் வரும் அலைக்கு மட்டும் அது பெரிதாக ஆடும். இதையே பரிவு என்கிறோம். மீடிறனைக் கணிப்பது கடினமில்லை. சுருளின் தூண்டுதிறனையும் கொள்ளளவத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதை 6.28 ஆல் பெருக்கி, வரும் விடையால் ஒன்றை வகுக்க வேண்டும்.

நாங்கள் தெரிவுசெய்தது அகில இந்திய வானொலியின் தூத்துக்குடி நிலையம். அதன் மீடிறன் 1053 கிலோஹேட்ஸ். தூத்துக்குடி இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 230 கிலோமீற்றர் தூரம், இடையில் பெரும்பாலும் கடல். உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்துவதால், மத்திய அலை தரையைவிடக் கடலின் மேல் வலுக் குறையாமல் அதிக தூரம் வரும். 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயில், 0.5 மில்லிமீற்றர் எனாமல் செப்புக் கம்பியை நெருக்கமாக 70 சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 200 மைக்ரோஹென்றி கிடைக்கும். அதற்கு 114 பிகோபரட் கொள்ளளவம் சேர்ந்தால் 1053 கிலோஹேட்ஸ் வரும். பழைய றேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் பாகம்தான் இந்தக் கொள்ளளவி. எங்களுக்கு உடைந்த ஒரு பெட்டியிலிருந்து ஒன்று கிடைத்தது.

தெரிந்தெடுத்த அலையிலிருந்து குரலைப் பிரிப்பது அடுத்த வேலை. மத்திய அலை ஒலிபரப்பில், குரலுக்கு ஏற்ப அலையின் வீச்சம் கூடிக் குறையும். அலை மேலும் கீழும் சமமாக ஆடுவதால் சராசரி பூச்சியம், ஆகவே காதில் எதுவும் கேட்காது. இருவாயி ஒரு பக்கத்தை மட்டும் விட்டால் குரலின் வடிவம் மிஞ்சும். இதற்குச் சிலிக்கன் இருவாயி பொருந்தாது. அது கடத்தத் தொடங்க ஏறத்தாழ 0.6 வோல்ற்று வேண்டும். ஜேர்மானியம் இருவாயிக்கு 0.2 அளவே போதும். இந்த வேலைக்கு கலீனா என்ற ஈயத் தாதின் பளிங்கைப் பயன்படுத்தலாம் என்று காட்டி 1901 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் கல்கத்தாவில் ஆய்வு செய்த ஜகதீஷ் சந்திர போஸ். அந்தக் காப்புரிமை 1904 இல் வழங்கப்பட்டது.

எல்லாவற்றையும் படத்தில் உள்ளபடி இணைத்தேன். கடைசியில் 9 வோல்ற்று பற்றரியில் இயங்கும் சிறிய ஒலிபெருக்கிச் சுற்றையும் சேர்த்தேன். தண்ணீர்த் தாங்கியிலிருந்து முருங்கை மரம் வரை 15 மீற்றர் வயரும் கட்டினேன். கொள்ளளவியை முழுவதும் திருப்பியும் நிலையம் வரவில்லை. கணக்கை மூன்று முறை பார்த்தேன், பிழை இல்லை. மூத்தவாப்பா வயரைப் பார்த்துவிட்டு, "அதுவும் ஒரு கொண்டென்சர்தான் மகள்" என்றார்.

அவர் சொன்னது சரி. மேலே ஒரு வயரும் கீழே நிலமும் இருந்தால் இடையில் கொள்ளளவம் உண்டு. 15 மீற்றருக்கு அது நூறு பிகோபரட் அளவுக்கே வரலாம். எனக்குத் தேவையான 114 பிகோபரட்டில் பெரும்பகுதியை வயரே எடுத்துக்கொண்டது. வயருக்கும் சுருளுக்கும் இடையில் தொடராக 33 பிகோபரட் கொள்ளளவி ஒன்றை வைத்தோம். தொடரில் மொத்தம் சிறியதிலும் சிறிதாகும் என்று வகுப்பில் படித்தது அங்கே வேலைசெய்தது. மஃரிபுக்குப் பிறகு தமிழ்க் குரல் ஒன்று மெல்லக் கேட்டது.

சத்தம் கேட்டு மதிலருகே வந்த அயல்வீட்டு ஐயா, நாங்கள் ஊரில் இல்லாத காலத்துக் கதையைச் சொன்னார். பொருளாதாரத் தடையால் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் செய்தி கேட்டார்களாம். "பெடியள் மாறி மாறிச் சுத்துவினம் பிள்ளை" என்றார். மூத்தவாப்பா, "டைனமோவில ஆடலோட்டமெல்லோ வரும், டயோட்டு போட்டனீங்களா?" என்று கேட்டார். இருவரும் அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, பண்பலைக்கு ஆசைப்பட்டேன். 0.1 மைக்ரோஹென்றி சுருளும் 25 பிகோபரட்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 100 மெகாஹேட்ஸ். பாகங்களைக் குத்தி இணைக்கும் துளைப்பலகையில் செய்தேன். அந்தப் பலகையின் அடுத்தடுத்த உலோகக் கீற்றுகளுக்கிடையில் சில பிகோபரட் இருக்கும். 5 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 30 ஆகி, மீடிறன் 92 மெகாஹேட்ஸுக்கு இறங்கிவிடும். வயரின் நீளமும் அப்படித்தான். ஒரு சென்ரிமீற்றர் வயருக்கு ஏறத்தாழ 10 நனோஹென்றி தூண்டுதிறன் உண்டு. அது 1 மெகாஹேட்ஸில் 0.06 ஓம் மட்டுமே தடுக்கும். 100 மெகாஹேட்ஸில் 6 ஓமுக்கு மேல் தடுக்கும். வயர் அதேதான், மீடிறன் மாறியதும் அதுவே ஒரு பாகமாகிவிட்டது.

ஆகவே உயர் மீடிறனில் சுற்றுப்படம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. பலகை, வயர், பக்கத்தில் கொண்டுபோகும் கை எல்லாம் வரையப்படாத பாகங்கள். அவற்றைப் புத்தகத்தில் வாசித்தால் தெரியும், செய்து பார்த்தால்தான் விளங்கும். பிறகு துளைப்பலகையை விட்டுவிட்டு, செப்புப் பூசிய பலகையின் செப்புப் பரப்பையே நிலமாக வைத்து, பாகங்களின் கால்களைக் குட்டையாக வெட்டி, நேரடியாக ஈயம் வைத்தேன். அப்போதுதான் சுற்று கணக்குக்குக் கிட்ட வந்தது.

செய்ய விரும்பும் மாணவிகள் மத்திய அலையிலிருந்து தொடங்குங்கள். அங்கே பிழைகள் சிறியவை, திருப்பிச் சரிசெய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, கணித்ததையும் கிடைத்ததையும் கொப்பியில் அருகருகே எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாடம்.

பெற்றோருக்கும் சில வார்த்தைகள். இந்த வேலைக்கு 9 வோல்ற்று பற்றரி போதும், வீட்டு மின்சாரத்தைத் தொடத் தேவையில்லை. இடி மின்னல் காலத்தில் வெளி வயரைக் கட்டி வைக்கக் கூடாது. எங்கள் உம்மா வானம் இருண்டாலே அதைக் கழற்றச் சொல்வார், அவர் சொல்வதே சரி. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. கேட்கும் கருவியை மட்டும் செய்ய வேண்டும். அனுமதியின்றி ஒலிபரப்பும் கருவி செய்து இயக்குவது சட்டப்படி குற்றம். அதில் ஆர்வமுள்ளவர்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் பெறலாம்.

மூத்தவாப்பாவின் கை இப்போது நடுங்குகிறது. ஈயம் வைப்பது நான், எங்கே வைப்பது என்று சொல்வது அவர். போன மாதம் அயல்வீட்டு ஐயா தன் பழைய றேடியோவைத் திருத்தக் கொண்டு வந்தார். எங்கள் மேசையில் அது இப்போது திறந்தபடி இருக்கிறது.