திமிங்கிலம் காணும் பயணம்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் கடலுக்கு வெகு தொலைவில் உள்ளவை. பாலாற்றங்கரையில் பிறந்து வளரும் பிள்ளைகளுள் கடலையே காணாதவரும் இருப்பர். அவர்களுக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு, அது தோல் தொழிலின் வழியாக வந்த தொடர்பு.

பச்சைத் தோலை ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவது இவ்வட்டாரத்தின் பழைய தொழில். பதனிட்ட தோலை அப்படியே உலரவிட்டால், அதன் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் பலகைபோல் விறைத்துவிடும். ஆதலால் அந்நார்களுக்கிடையே எண்ணெய் ஊட்டுவர். அதன் பின்னரே தோல் குழைவு பெறும். இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது என்று மேலைநாட்டுத் தோல் தொழிலாளர் நெடுங்காலம் போற்றியது எது தெரியுமா? எண்ணெய்த் திமிங்கிலத்தின் உடலிலிருந்து எடுத்த எண்ணெயேயாகும். அவ்வெண்ணெய் விளக்கெரிக்கவும் எந்திரங்களுக்கு இடவும் பயன்பட்டது. பிற திமிங்கிலங்களின் கொழுப்பிலிருந்து சோப்பும் செயற்கை வெண்ணெயும் செய்தனர்.

இத்தேவைகளுக்காக மனிதன் கடல்தோறும் வேட்டையாடினான். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அன்று கப்பல்கள் திமிங்கிலத்தைத் தேடிச் சென்றது கொல்வதற்காக. இன்று பல நாடுகளில் படகுகள் அதனைத் தேடிச் செல்வது காண்பதற்காக. அத்தகைய பகற்பயணம் ஒன்றினை நாமும் மனத்தால் மேற்கொள்வோம்.

இலங்கையின் தென்கோடியில் மாத்தறைக்கு அருகே மிரிஸ்ஸா என்னும் மீனவர் துறைமுகம் உள்ளது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்குக் கடல் அமைதியாக இருக்கும். கதிரவன் எழும் வேளையில் படகு புறப்படுகிறது. அக்கரையில் ஆழமற்ற கடற்பகுதி மிகக் குறுகியது. சிறிது தொலைவு சென்றவுடனே கடல் பேராழம் கொள்கிறது. ஆகவேதான் ஆழ்கடலில் வாழும் திமிங்கிலங்களைக் கரைக்கு அணித்தாகவே காண முடிகிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. எங்கு நோக்கினும் நீலநீரே தெரிகிறது. திடீரெனப் படகோட்டி கை நீட்டிக் காட்டுகிறார். அதோ, தொலைவில் வெண்புகைபோல் ஒரு தூண் எழுகிறது! அதன் உயரம் சுமார் 30 அடி இருக்கும். அது நீரூற்று அன்று; திமிங்கிலம் விட்ட மூச்சு. நுரையீரலிலிருந்து வேகமாக வெளிப்படும் வெப்பக் காற்றின் ஈரம் குளிர்ந்து, ஆவிபோல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னர்ச் சாம்பல் கலந்த நீல முதுகு மெல்ல மெல்ல உருண்டு செல்கிறது; முடிவே இல்லையோ என எண்ணத் தோன்றுகிறது. இறுதியில் அகன்ற வால் மேலெழுந்து, ஓசையின்றி நீருள் மறைகிறது. மீண்டும் அது மூச்சு விட மேலே வருவதற்குப் பத்து நிமிடங்கள் ஆகலாம்.

நாம் கண்டது நீலத் திமிங்கிலம். உலகில் இதுவரை வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியது இதுவே. சில 30 மீட்டர் நீளம் வரை வளர்கின்றன. நன்கு வளர்ந்த ஒன்றின் எடை முப்பது யானைகளின் எடைக்கு நிகராகும். எனினும் அதன் உணவோ விரலளவினும் சிறிய இறால் இனங்கள். வாய் நிறைய நீரை முகந்து, மேல்தாடையிலுள்ள சல்லடை போன்ற தகடுகளின் வழியே நீரை வெளியேற்றி, உள்ளே தங்கும் இறாலை விழுங்குகிறது. அது மீன் அன்று; குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு.

நீலத் திமிங்கிலங்களுள் பல குளிர்கடலில் உணவுண்டு, வெப்பக் கடலுக்கு வந்து குட்டி ஈனும். இலங்கைக் கடலிலுள்ளவையோ துருவக் கடல்களுக்குச் செல்வதில்லை. இதனை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த ஆஷா டி வொஸ் என்னும் கடல் உயிரியல் அறிஞர். அவர் 2008ஆம் ஆண்டு முதல் இவற்றை ஆராயலானார்.

நீலத் திமிங்கிலத்தை வேட்டையாடுவது 1966இல் தடைசெய்யப்பட்டது. 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. வணிக வேட்டையை முழுவதும் நிறுத்தப் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் 1982இல் முடிவு செய்தது. ஒரு சில நாடுகள் நீங்கலாக மற்றவை அவ்வேட்டையைக் கைவிட்டன.

ஆயினும் துன்பம் முற்றும் நீங்கிவிடவில்லை. தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பற்பாதை உலகின் நெருக்கடி மிக்க பாதைகளுள் ஒன்று. திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. பெருங்கப்பல் மோதி அவை இறந்துபோவதுண்டு. இதனைத் தவிர்க்க, 2022இல் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே விலகிச் செல்லுமாறு பணித்தது. சிறிது நேரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாயினும், ஓர் உயிர் பிழைக்குமாயின் அச்செலவு பெரிதன்று.

காணச் செல்வோரும் துன்பம் இழைக்கக்கூடும். பல படகுகள் ஒரே திமிங்கிலத்தைச் சூழ்ந்து துரத்தினால் அது மூச்சு விடவும் இரை தேடவும் இயலாது தவிக்கும். எனவே, 100 மீட்டர் தொலைவுக்குள் நெருங்கலாகாது என்பது அங்குள்ள விதி. அருகில் சென்று காண வேண்டும் என்னும் ஆசையை அடக்கி, எந்திரத்தின் வேகத்தைத் தணித்து நிற்கும் படகோட்டியே நல்ல வழிகாட்டி ஆவார். பிறர் வீட்டுக்குச் செல்லும் விருந்தினர் அவ்வீட்டாரின் அமைதியைக் கெடுப்பாரோ?

தோலைக் குழைவிக்க இன்று வேறு எண்ணெய்கள் எத்தனையோ கிடைக்கின்றன. திமிங்கிலத்தின் இடத்தை நிரப்ப வேறொன்று இல்லை. கொல்லாமை ஓர் அறம் என்றால், நெருங்கி வருத்தாது எட்ட நின்று காண்பதும் அதனைச் சார்ந்த அறமேயாகும்.